வகுபடாத வீடு

காலையில் வாசற்கல்லில் ஒரு விரிசல் தெரிந்தது. மயிரிழைதான், அதில் வெட்டியிருந்த எண்ணின் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. பெரியவர் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். போகவில்லை.

829348951. தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண் அது என்று, ஆயுளில் பாதியைக் கையால் வகுத்தே கழித்த அவருடைய அப்பா அறிவித்து, கருங்கல்லில் வெட்டிவைத்தது. இந்த வீட்டு மருமகள்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் படியேறினார்கள். அந்த எண்ணைக் காட்டித்தான் பெரியவர், பாகம் கேட்ட தம்பியின் வாயை இத்தனை காலம் அடைத்து வைத்திருந்தார். எண் பிரிந்தால் வீடு பிரியும். வீடு பிரிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள்.

மழை விடாமல் பெய்த பிற்பகலில், ஈரச் சுண்ணாம்பு வாடை கூடத்தில் கனத்துக் கிடக்க, உத்தரம் ஒவ்வொன்றும் மெல்ல முனகிக்கொண்டிருக்க, மருமகள் சிலேட்டோடு வந்து நின்றாள். கல்லூரியில் கணக்கு நடத்துபவள். பதமாகத்தான் சொன்னாள்: தாத்தாவுக்கு ஓரிடத்தில் கை தவறிவிட்டது, பாகம் கேட்ட சித்தப்பாவுக்கும் தெரியும்.

"7919-ஆல போகுது மாமா. நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டார். பலப்பம் கீச்சிட்டது. ஈவு 104729. மீதி பூஜ்யம்.

சுவருக்குள் எதுவோ முறிந்தது, விரல் நெட்டி முறிப்பதுபோல.

"அழிச்சிடும்மா. இது இந்தக் கூடத்தோட போகட்டும்."

"சிலேட்டை அழிச்சா கணக்கு மாறிடுமா மாமா?"

அவள் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புத் தடி கைக்கு எட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது. முதல் அடியில் அவள் மண்டியிட்டாள். இரண்டாவதில் தாடை பெயர்ந்தது. அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. சிலேட்டெல்லாம் ரத்தம். பூஜ்யம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மழை நின்றது.

அப்போது அந்தச் சத்தம் வாசலிலிருந்து கிளம்பி வந்தது. கல் பிளக்கும் சத்தம். நிலைப்படியைத் தாண்டியது. தரையில் ஒரு கோடு, நேராக, அவசரமில்லாமல். அவளைத் தொட்டது. அவளுக்குள் நுழைந்தது. அவள் பிரிந்தாள். சரிபாதியாக அல்ல. ஒன்று சிறிது. ஒன்று பெரிது.

கோடு உள்ளறைப் பக்கம் திரும்பியது. அங்கே தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

கத்த நினைத்தார். கோடு முந்திக்கொண்டது.

உள்ளே கட்டில் உடைந்தது. ஈரமாக எதுவோ விழுந்தது. பிறகு தரையில் இழுபடும் ஓசை. ஒன்றல்ல, இரண்டு.

கதவு திறந்தது. முதலில் சிறியது வந்தது. ஒரு தோளும் ஒரு கையும். பின்னால் பெரியது. அதில்தான் வாய் இருந்தது.

"இப்பவாவது பிரிச்சுக் குடுத்துடலாமே, அண்ணா."

தடி நழுவியது. கோடு அவர் கால்விரலருகே வந்து நின்றது. காத்திருந்தது.

உச்சந்தலையில் ஏதோ சில்லென்றது. மயிரிழைதான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

விரல் உள்ளே போயிற்று.