கடைசிக் குரல் மாதிரி

காலை ஐந்து நாற்பதுக்குக் காசிராஜன் கண் விழித்தான். காதுக்குப் பின்னால் முனைப்பி ஒரு முறை துடித்தது. எழுந்தான். பாயைச் சுருட்டினான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்து, பொங்கும் முன் இறக்கினான். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு சிறு துடிப்பு. அதில் வலியும் இல்லை, சுகமும் இல்லை. அடுத்ததைச் செய்யலாம் என்று மட்டும் தோன்றும். குளித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டான். எப்போதிலிருந்து அப்படிப் போடுகிறான் என்று அவனுக்குத் தெரியாது. ஏழரைக்கு வீட்டைப் பூட்டினான்.

மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அவன் வேலைக்குப் பிந்தவில்லை.

சிவகாசியில் பத்தில் எட்டுப் பேர் முனைப்பி வைத்திருந்தார்கள். அரிசி மணி அளவுக் கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய இழை மூளையின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் வரை செல்லும். எந்தச் செயலைத் தொடங்கலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்று முடிவாகும் வாசல் அது. டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தால் வாசல் திறக்கும். சுரக்காவிட்டால், பக்கத்தில் இருக்கும் தண்ணீரைக்கூடக் கை எடுக்காது. முனைப்பி வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு சுரக்க வைத்தது.

நடுக்குவாதம் வந்தவர்களுக்காகத்தான் முதலில் செய்தார்கள். பிறகு மனச்சோர்வுக்குக் கொடுத்தார்கள். பிறகு தேர்வு எழுதுபவர்களும் லாரி ஓட்டுநர்களும் கேட்டு வந்தார்கள். கடைசியில் அது துக்கத்துக்கும் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால், பதினேழாம் நாள் குடும்பத்தோடு, முனைப்பி பொருத்தி அளவு பார்க்கும் அளவகத்துக்குப் போய்த் துக்க அளவு வைத்துக்கொள்வது ஊர் வழக்கமாகிவிட்டது. போகாதவர்களைத்தான் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள்.

அவன் மனைவி வடிவு முதல் வரிசையில் வைத்துக்கொண்டவள். இருபத்தாறு வயதில் அவளுக்கு நடுக்குவாதம் வந்தது. கை ஆடியது. கதவு நிலையில் வந்ததும் கால் நின்றுவிடும். தரையில் ஏதாவது கோடு இருந்தால் மட்டும் அதைத் தாண்டிவிடுவாள். காசிராஜன் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில் வண்ணம் பிசகிய தாள்கள் நிறைய விழும். அவற்றைப் பட்டைகளாக வெட்டிவந்து எல்லா நிலைப்படியிலும் ஒட்டினான். வடிவு பிள்ளையார் தலையையும் மார்ச் மாதத்தையும் தாண்டித் தாண்டி வீட்டுக்குள் நடந்தாள். பிறகு குரல் தேய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். முனைப்பி வைத்த இரண்டாவது வாரம் அடுக்களையிலிருந்து அவள் கூப்பிட்டது தெருவுக்குக் கேட்டது.

நான்கு வருடம் நன்றாக இருந்தாள். பிறகு ஒரு காலையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

முதலாண்டு நினைவு அட்டை அவன் அச்சகத்திலேயே அடிப்பதாக இருந்தது. அட்டையில் இறந்தவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையைப் போடுவது இப்போது வழக்கம். வடிவின் அம்மா பாக்கியத்தாய் அதைத் தன் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். வடிவமைப்புப் பிரிவில் ஐசக் அண்ணன் முன்னால் காகிதத்தை வைத்தார்.

‘அம்மா, நீ பக்கத்துல இருக்கும்போது எனக்கு என்ன பயம்?’

காசிராஜன் அதைப் படித்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை என்றான். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்க இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல’ என்றாள், அதுதான் கடைசி என்றான்.

“நான் கஞ்சி குடுத்துக்கிட்டு இருந்தேன் மாப்ள,” என்றார் பாக்கியத்தாய். “என் மடியில தல வச்சிருந்தா. நீங்க எங்க இருந்தீங்க?”

“கட்டில்லதான் அத்தை இருந்தேன்.”

“அப்ப நான் எங்க இருந்தேன்?”

இருவரும் குரலை உயர்த்தவில்லை. முனைப்பி வைத்தவர்கள் அவ்வளவு எளிதில் உயர்த்துவதில்லை. ஐசக் அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திரையில் எதையோ தேடினார். அந்த அச்சகத்தில் கருவி வைத்துக்கொள்ளாத மூன்று பேரில் அவர் ஒருவர்.

“ரெண்டையும் டைப் பண்ண வேண்டியதில்ல,” என்றார். “அம்மா சொல்றது போன மாசம் விஸ்வநத்தம் பார்ட்டிக்கு அடிச்சேன். காசி சொல்றது இந்த வருசத்துல மட்டும் பதினோரு அட்டையில இருக்கு. முன்னாடியெல்லாம் மனுசன் ‘தண்ணி’ன்னுட்டுச் செத்தான். ‘ஃபேன போடு’ன்னுட்டுச் செத்தான். இப்ப நாலஞ்சு வருசமா எல்லாரும் வசனம் பேசிட்டுத்தான்யா போறாங்க.”

பாக்கியத்தாய் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அட்டை அடிப்பது நின்றது.

மறுநாள் காசிராஜன் அளவகத்துக்குப் போனான். வடிவுக்கு அளவு பார்த்தவர் நஸீமா. அவனுக்குத் துக்க அளவு வைத்தவரும் அவர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசிக்கொண்டே எழுதுவார்.

நடுக்குவாதத்துக்கான முனைப்பி நோயாளியின் குரலைக் கேட்டு அளவைத் திருத்திக்கொள்ளும். குரல் தேய்ந்தால் டோபமின் போதவில்லை என்று பொருள். அதற்காகச் சில விநாடிக் குரல் மாதிரிகளைச் சேமித்து வைத்திருக்கும். அவன் கேட்க வந்தது அதைத்தான். வடிவின் கடைசி மாதிரி இருக்கிறதா?

நஸீமா கோப்பைத் திறந்தார். இருந்தது. பதினைந்து விநாடி. இறந்து ஒரு வருடம் முடியும் நாளில் அழிந்துவிடும். இன்னும் பன்னிரண்டு நாள். மாதிரி பதிவான நேரம் காலை ஏழு இருபத்தொன்பது. எட்டு இருபதுக்குப் பிறகு உடலில் அசைவு இல்லை.

காசிராஜன் தன் கைப்பேசியை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தேடினான். அந்த நாளில் அத்தையின் அழைப்பு ஒன்று இருந்தது. ஒன்பது மணி ஐந்து நிமிடம். பதினான்கு விநாடி. அத்தை வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோவிலுக்குப் போய், ஒன்பதுக்குத் திரும்பும் வழியில் மகளைப் பார்க்க வருவார். அன்று வெள்ளிக்கிழமை. அவனோ எப்போதும் ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவன்.

கட்டில் ஓரத்தில் யாரும் இல்லை. மடியும் இல்லை, மணிக்கட்டும் இல்லை.

இந்தக் கருவி பொய் சொல்லுமா என்று கேட்டான்.

“அது எதுக்குத் தம்பி பொய் சொல்லப் போகுது?” என்றார் நஸீமா. “நீங்க அவளை நினைக்கிறீங்க. கொஞ்சம் இதமா நினைச்சா ஒரு துளி சுரக்க வைக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. எதிர்பார்த்ததுக்கு மேல நல்லா இருந்துச்சுன்னு மூளை குறிச்சுக்கும். அடுத்த தடவை அந்த இதமானதுதான் முதல்ல வாசலைத் தாண்டி வரும். ஒரு ஞாபகத்தை எடுத்துத் திரும்ப வைக்கும்போது வச்ச மாதிரியே வைக்கிறதில்ல. நூறு தடவை எடுத்து வச்சா வேற ஞாபகம்.”

“இது உங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“தெரியும். யாரும் வந்து குறை சொன்னதில்ல.”

அவர் அவனுடைய கோப்பைத் திறந்தார். திரையை அவன் பக்கம் திருப்பினார். பதினேழாம் நாள் அவன் நிரப்பிக் கொடுத்த படிவம். துக்க அளவு கேட்பதற்கான காரணம் என்ற இடத்தில் அவனுடைய கையெழுத்து.

‘அவள் கடைசியாகச் சொன்னது நாள் முழுக்கக் காதில் கேட்கிறது. தாங்க முடியவில்லை.’

காசிராஜன் இரண்டு முறை படித்தான். எதைத் தாங்க முடியவில்லை என்று அவனுக்கு நினைவில்லை.

வலியில் கூப்பிட்டாளா? போகாதீங்க என்றாளா? அவன் கேட்காமல் கிளம்பினானா? ஏழு இருபத்தொன்பதுக்கும் எட்டு இருபதுக்கும் நடுவில் ஐம்பத்தோரு நிமிடம் இருந்தது. அச்சகத்திலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிடம்தான்.

இப்போதே போடச் சொன்னான். நஸீமா மறுத்தார். கருவி ஓடும்போது கேட்டால் ஒரு மாதத்தில் இதுவும் இன்னொரு வசனமாகிவிடும். முதலில் அளவைக் குறைக்க வேண்டும். பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து அணைத்துவிட்டு வந்தால் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார். அப்படி இதுவரை இரண்டு பேர்தான் வந்து கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கோப்பு அழியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

“எங்க அத்தாவோடதும் இருந்துச்சு,” என்று தன் தந்தையைப் பற்றிச் சொன்னார். “மூணு வருசம் ஆச்சு. நான் கேக்கல.”

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் பால் பொங்கி வழிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. கை போகவில்லை. வடிவு நிலைப்படியில் நின்றது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தான். ஆறாம் நாள் பல் துலக்காமல் வேலைக்குப் போனான். ஏழாம் நாள் பத்து மணிக்குப் போனான். ஐசக் அண்ணன் டீ வாங்கி வைத்தார். எட்டாம் நாள் நிலைப்படியில் ஒட்டியிருந்த காலண்டர்ப் பட்டை ஒன்று கண்ணில் பட்டது. பதினோரு மாதமாக அதன் மேல்தான் நடந்திருக்கிறான். அதன் பக்கத்தில் உட்கார்ந்து மதியம் வரை அழுதான்.

கட்டில் ஓரத்து ஞாபகம் நிறம் வெளுத்தது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. பயம் மட்டும் வந்தது.

ஒன்று மட்டும் மாறவில்லை. சட்டை போட்டால் கை தானாகக் கீழ்ப் பொத்தானுக்குப் போனது. குளிக்க முடியாத நாளிலும் போனது.

ஒன்பதாம் நாள் அத்தை வீட்டுக்குப் போனான். அட்டையில் அத்தை சொன்னதையே போடச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். பாக்கியத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்களுக்கு உண்மையிலேயே ஞாபகம் வந்துருச்சா மாப்ள?”

“நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க அத்தை.”

அவர் முகம் தளர்ந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்றான். சோறு போட்டார். அவன் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பதினோராம் நாள் அளவகத்தில் நஸீமா அவன் காதுக்குப் பின்னால் வாசிப்பானை வைத்துப் பார்த்தார். முனைப்பி முழுதாக அணைந்திருந்தது. காதுபேசியைக் கொடுத்தார். வேண்டாம் என்றால் இப்போதும் போகலாம் என்றார். அவன் மாட்டிக்கொண்டான்.

முதல் தடவை அவன் சொற்களைக் கேட்கவில்லை. குரலை மட்டும் கேட்டான். தெருவுக்குக் கேட்கிற குரல். திரையில் எழுபத்தொரு டெசிபல் என்று காட்டியது. அதில் வலி இல்லை. பயம் இல்லை. மூச்சு முட்டவில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

“அளவு சரியாத்தான் வச்சிருக்கேன்,” என்றார் நஸீமா தனக்குத்தானே.

இரண்டாவது தடவை சொற்களைக் கேட்டான். கேட்டு முடித்ததும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பொத்தான்கள் ஒழுங்காக இருந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிய வடியச் சிரித்தான். பதினோரு மாதத்துக்கு முன்னால் இதைத் தாங்க முடியாமல் போனவனை நினைத்தான். அவன் மேல் இரக்கம் வந்தது. அவனுக்கு மறந்தது கைக்கு மறக்கவில்லை. கருவி ஞாபகத்தைத்தான் திருத்தியிருந்தது. பழக்கம் நரம்பு முடிச்சுகளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது, தினமும் காலையில் அவள் சொன்னபடி.

நஸீமா பதறி வாசிப்பானைத் திரும்ப வைத்துப் பார்த்தார். கருவி அணைந்துதான் இருந்தது.

“அப்ப இந்தச் சிரிப்பு உங்களோடதுதான்,” என்றார். பிறகு தன் காதுக்குப் பின்னால் ஒரு முறை தொட்டுக்கொண்டு, வெளியே யாரோ காத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.

காசிராஜன் திரையில் இருந்த கோப்பைப் பார்த்தான். நாளைக்கு இது அழிந்துவிடும். பரவாயில்லை. மூன்றாவது தடவை கேட்கத் திரையில் பொத்தானை அழுத்தினான். குக்கர் ஒரு விசில் அடித்தது. கதவு திறந்தது. அவன் குரல் தூரத்தில், போய்ட்டு வர்றேன் என்றது. பிறகு வடிவு.

“சட்டையப் பாருங்க, பொத்தான் ஏறுக்குமாறா இருக்கு. எனக்குத்தான் கை ஆடுது, உங்களுக்கு என்ன வந்துச்சு? கீழ இருந்து போடுங்கன்னா கேக்கிறதே இல்ல.”