அடியில் ஒரு விரல் அளவு

"பாட்டில் என்னுது! மூடி என்னுது! உள்ள இருக்கிறது மட்டும் என்னுது இல்லய்யா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்கு ஒரு பதிவு. உங்க வீட்டுப் பதிவு ஏழாம் நம்பர். ஏழுக்குத்தான் முதல் பரிசு. பேசாம வாங்கிட்டுப் போங்க!"

"மூணு பேரும் நாக்கை அடகு வச்சுட்டு வந்தீங்களா? ஆறு வருஷமா என் பீரைக் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்ச ஆளுங்கதானே நீங்க?"

தோற்றவர்கள் நடுவரோடு மல்லுக்கு நிற்பதை வீட்டில் பீர் காய்ச்சுவோர் மன்றத்தின் கூடம் பலமுறை பார்த்திருக்கிறது. ஜெயித்தவர் சண்டைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் டெய்லருக்கு வாய்த்தது. நடுவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பை எடுத்துக் கொடுக்கும் வேலை அவருடையது. தெருவில் யார் வீட்டில் எது வேகிறது, எது கருகுகிறது என்பதெல்லாம் அளவெடுக்கும் சாக்கில் அவருக்கு வந்து சேர்ந்துவிடும். இப்படி ஒன்று தானாக வந்து மடியில் விழுந்தால் விடுவாரா?

சண்டை போட்டவர் குழாய் ரிப்பேர்க்காரர். எதிரே தலைமை நடுவராக மருந்துக்கடைக்காரர். அந்த வருஷப் போட்டிக்கு வைத்திருந்தது பெல்ஜியம் பாணியில் வீட்டிலேயே காய்ச்சிய ஸ்ட்ராங் ஏல் என்ற பீர் வகை. வெளிறிய தங்க நிறம், தலையில் பஞ்சுப் பொதி மாதிரி நுரை. சாதுவாகத் தெரியும். ஆனால் சாதாரண பீரைவிடப் போதை இருமடங்கு. இரண்டாவது கோப்பையில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

மருந்துக்கடைக்காரர் மதிப்பெண் தாளை எடுத்து உரக்கப் படித்தார். "தெளிவு, கண்ணாடி மாதிரி. மணத்துல பேரிக்காய், கிராம்பு, லேசா மிளகு. முழுங்கினப்புறம் வாயில இனிப்பு மிச்சமே இல்ல. ஐம்பதுக்கு நாற்பத்தாறு. இதுல என்னய்யா குறை?"

"குறை இல்லாததுதான் குறை! அது நான் காய்ச்சினதே இல்ல!"

"அத்தான், கத்தாதீங்க. மொதல்ல குடிச்சுப் பாருங்க" என்றபடி அவருடைய கொழுந்தியாள் முன்னால் வந்தாள். ஏழாம் எண் பாட்டிலில் பாதி மீதி இருந்தது. கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, பாட்டிலை ஒரே சீராகக் கவிழ்த்து, அடியில் ஒரு விரல் அளவு விட்டு நிறுத்தினாள். கடைசிச் சொட்டையும் ஊற்றினால் என்ன குறைந்துவிடும், இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று டெய்லர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

அவளைப் பற்றி டெய்லரிடம் ஒரு தனி நோட்டே உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாண வாழ்க்கை முறிந்து, ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். குழாய்க்காரர் பீர் வைக்கும் ஷெட்டுக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறாள். பேக்கரியில் ரொட்டி சுடும் வேலை. அந்தப் பேக்கரியையும் மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அப்புறம் என்ன செய்வாய் என்று டெய்லர் நாலு தடவை கேட்டுவிட்டார். நாலு தடவையும் சிரித்துவிட்டு ரொட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

குழாய்க்காரர் ஒரு வாய் குடித்தார். கண் கலங்கிவிட்டது. "சத்தியமா நான் இல்ல. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? எவனோ காய்ச்சினதுக்கு இவன் மாலை வாங்கிட்டான்னு சொல்லும். எனக்கு வேணாம்!"

"அப்படின்னா ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பீர் ஆலை முதலாளியம்மா ஆறு மணிக்கு வர்றாங்க. ஜெயிச்ச பீரைக் காய்ச்சினவங்களுக்கு ஆலையிலேயே வேலை தர்றதா வாக்குக் கொடுத்திருக்காங்க. காய்ச்சினது யாருன்னு தெரியலேன்னா பரிசு ரத்து, வேலையும் ரத்து."

குழாய்க்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில், நடுவர்கள் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில், லேப் அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் நகரக் குடிநீரைச் சோதித்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறது என்பதை ஒரு மடக்குத் தண்ணீரில் சொல்லிவிடுவார். பீரை மட்டும் வாயில் வைக்கமாட்டார்.

"அக்கா, நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும். இது யாரோட பீர்?"

லேப் அக்கா நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தம்பி டெய்லர், கூட வர்றியா?"

டெய்லர் ஏற்கெனவே வாசலில் நின்றார்.

முதல் கேள்வி டெய்லருக்கே விழுந்தது. "பாட்டில் வந்து சேர்ந்தது எப்போ?"

"போன ஞாயித்துக்கிழமை அக்கா. வீட்டுக்கு மூணு பாட்டில். வாங்கினதும் மூடியையும் கழுத்தையும் சேர்த்து நம்பர் சீட்டு ஒட்டினது நான். அலமாரிச் சாவி இதோ, இன்ச் டேப்போட என் கழுத்துல. குளிக்கும்போதுகூடக் கழட்டல."

"இன்னிக்குத் திறக்கும்போது சீட்டு?"

"கிழியாம இருந்துச்சு. நான்தான் கிழிச்சேன்."

"அப்போ இங்க எதுவும் நடக்கல. பீர் மாறியிருந்தா ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி, அவங்க வீட்டுலதான் மாறியிருக்கு." லேப் அக்கா பாட்டில் மூடியைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் பிறை மாதிரி ஒரு பள்ளம்.

"பழைய குழாய்த் துண்டுல நானே செஞ்ச மூடி அடிக்கிற கருவி" என்றார் குழாய்க்காரர், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக. "இந்தப் பள்ளம் உலகத்துல வேற எந்த மூடியிலும் இருக்காது."

குழாய்க்காரர் வீட்டு ஷெட்டில் போய் நின்றபோது குளிர் எலும்பைத் தொட்டது. வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனி ஆடை. கருவி ஆணியில் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஆறு வருஷத்து மதிப்பெண் தாள்களையும் குழாய்க்காரர் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். தோல்வியை இவ்வளவு ஒழுங்காக மாட்டி வைத்த மனிதரை டெய்லர் கண்டதில்லை. ஆறிலும் ஒரே குறை. இனிப்பு தீராமல் பாதியில் நிற்கிறது.

லேப் அக்கா மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார். இனிப்பு ஏன் நிற்கும்? இனிப்பைத் தின்று தீர்க்கிற இந்த வகை ஈஸ்ட்டுக்கு இரண்டு வாரமாவது கதகதப்பு வேண்டும், அதுவும் ஏறி இறங்காத கதகதப்பு. குளிர்ந்தால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிவிடும் என்றார் அவர்.

டெய்லர் துள்ளினார். "அக்கா! பக்கத்து வீட்டுச் சலவைக்கடைக்காரர்! இஸ்திரி ரூம்ல எப்பவும் சூடு! ஸ்பேனர் இரவல் வாங்குற சாக்குல தினம் இந்த ஷெட்டுக்குள்ள வந்து போறார். நான் அப்பவே நினைச்சேன்!"

"எப்பவே?"

"இப்பத்தான்" என்று டெய்லர் ஒப்புக்கொண்டார்.

"இந்த ஷெட்டுக்குள்ள கேக்காம வர்றவங்க வேற யாரு?"

"குழாய்க்காரர் சம்சாரம். மேல் ரூம்ல இருக்கிற கொழுந்தியா. அவ்வளவுதான்."

"அந்த மூணு பேரையும் நாலு மணிக்கு இந்த வீட்டு அடுப்படிக்கு வரச்சொல்லு. அலமாரியில இருக்கிற மீதி ரெண்டு ஏழாம் நம்பரையும் எடுத்துட்டு வா. ஆட்டாம எடுத்துட்டு வா."

ஆட்டாமல் நடப்பதற்காக டெய்லர் தெரு முழுக்கப் பிள்ளைத்தாச்சி மாதிரி நடந்தார். நாலு மணிக்கு எல்லோரும் அடுப்படி மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குழாய்க்காரரின் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ்; உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். சலவைக்கடைக்காரர் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமலே குற்றவாளி மாதிரி வியர்த்தார். கொழுந்தியாள் மட்டும் ஜன்னலோரம் நின்றாள். நர்ஸைத் தவிர எல்லோரும் காலையிலிருந்து கூடத்தில் இருந்தவர்கள்தான்.

"பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோச்சு" என்றார் லேப் அக்கா. "அண்ணே, ஒரு கோப்பை ஊத்துங்க."

லேப் அக்கா பீர் குடிப்பதில்லையே என்று சொல்ல டெய்லர் வாய் திறந்தார். மேஜைக்கு அடியில் லேப் அக்கா அவர் காலை மிதித்தார்.

சலவைக்கடைக்காரர் பாட்டிலைத் திறந்து, சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றினார். நுரை பொங்கி மேஜையில் வழிந்தது. ஜன்னலோரம் நின்றவளின் விரல்கள் சேலை முந்தானையை இறுக்கின. அவர் விடவில்லை. கடைசியில் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கித் தலைகீழாகக் கவிழ்க்கப் போனார்.

"ஐயோ அண்ணே, அடியைக் கலக்காதீங்க!"

கொழுந்தியாள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"விடும்மா, அவர் பயந்துட்டார்" என்றார் லேப் அக்கா மெதுவாக. "உன் பீர்தானே?"

அவள் பிடியை விட்டாள். அக்காக்காரி எழுந்து நின்றாள். குழாய்க்காரர் வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார்.

லேப் அக்கா கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார். "பாட்டிலும் மூடியும் இந்த வீட்டுது. ஆகையால மாத்தினவங்க இந்த வீட்டுக்குள்ள வந்து போறவங்க. காய்ச்சினது இந்தக் குளிர் ஷெட்டுல பொங்கினது இல்ல, அதுதான் இனிப்பு மிச்சமில்ல. சூடு எங்க? இஸ்திரி ரூம்னு தம்பி சொன்னான். அது பகல்ல வேகும், கடையைச் சாத்தினதும் ஆறிடும். ஆஸ்பத்திரி வார்டுல பீர் வைக்க முடியாது. பேக்கரி அடுப்பு மட்டும்தான் ஆறுறதே இல்ல. அது ஒரு ஊகம்தான். ஆனா காலையில இவ அத்தானுக்கு ஊத்தினதைப் பார்த்தேன். ஈஸ்ட்டு பாட்டில் அடியில வண்டலாப் படியும். கலங்கினா தெளிவு போச்சு, மணமும் போச்சு. நம்ம குழாய்க்காரர் எப்படி ஊத்துவார்?"

"தலைகீழா" என்றாள் மனைவி. "சொட்டு விடமாட்டார்."

"அந்த வீட்டுலேயே இருக்கிற பொண்ணு, யாரும் சொல்லிக்கொடுக்காம, ஒரு விரல் அளவு விட்டு நிறுத்துறா. அதைத் தெளிய வச்சவளுக்குத்தான் அது கலங்கக் கூடாதேன்னு இருக்கும்."

கஞ்சத்தனம் என்று தான் எழுதிக்கொண்டதை டெய்லர் சத்தமில்லாமல் அடித்துவிட்டார்.

"ஏன்?" என்றார் குழாய்க்காரர். "என்னோடது எங்க?"

கொழுந்தியாள் மாடிக்குப் போய், தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கொண்டுவந்த அதே பெட்டி. துணிகளுக்கு நடுவில், போர்வையில் சுற்றி மூன்று பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும், பீரின் மட்டத்தை ஒட்டி, வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது.

"புளிச்சுப்போச்சு அத்தான். மூணுலயும் வளையம். ஞாயித்துக்கிழமை காலையில பாட்டிலைத் துடைக்கும்போது பார்த்தேன். கொட்ட மனசு வரல, உங்க கையால காய்ச்சினதாச்சே. நான் இந்த அடுப்புலதான் காய்ச்சினேன், நீங்க வேலைக்குப் போனப்புறம். உங்க பாட்டில்ல ஊத்தி உங்க கருவியால மூடி அடிச்சு, முதலாளிகிட்டக் கேட்டு பேக்கரி அடுப்போரம் வச்சிருந்தேன். போட்டிக்குன்னு இல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு பதிவுதானே, அது உங்க இடம். உங்க பிறந்தநாளுக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்ததைத்தான் மாத்தினேன். ஜெயிக்கணும்னு எல்லாம் இல்ல. இந்த வருஷமாவது கடைசி வரக்கூடாதுன்னு மட்டும்தான்."

"எதுக்கும்மா எனக்காக?"

"நான் வந்த அன்னிக்கு எதுக்கு வந்தேன்னு கேட்டீங்களா? எத்தனை நாள் இருப்பேன்னு கேட்டீங்களா? மேல் ரூமைக் காலி பண்ணி, வெந்நீர்க் குழாய் வச்சுக் குடுத்தீங்க. அவ்வளவுதான். திரும்பி ஒரு வார்த்தை பேசல. நான் எதை வச்சு அதைத் தீர்ப்பேன்?"

குழாய்க்காரர் ஒரு பாட்டிலைத் திறந்தார். தலைகீழாகவே ஊற்றினார். ஒரு மடக்குக் குடித்ததும் முகம் எட்டுக் கோணலாயிற்று.

"காடி!" என்றார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. "ஏம்மா, இவ்வளவு கை வச்சிருக்கிறவ, ரெண்டு வருஷமா என் கண்றாவியைக் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொன்னியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"நீங்க ஊத்திக் குடுத்தீங்களே அத்தான். நல்லாத்தான் இருந்துச்சு."

ஆறு மணிக்குக் கூடத்தில் மருந்துக்கடைக்காரர் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். "பதிவு இவர் பேர்ல இருக்கே?"

"காலையில நீங்கதான் சொன்னீங்க, பதிவு வீட்டுக்குன்னு" என்றார் லேப் அக்கா. "அவ இந்த வீடு இல்லையா?"

"இந்த வீடுதான்!" என்று குழாய்க்காரர் போட்ட சத்தத்தில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஆலை முதலாளியம்மா கடைசி ஏழாம் எண் பாட்டிலைக் கையில் வாங்கி, தாமே ஊற்றினார். அடியில் ஒரு விரல் அளவு விட்டு நிறுத்தினார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையிலேயே வேலை முடிவாகிவிட்டது என்று டெய்லர் இன்றுவரை சொல்லி வருகிறார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடலாம். மருந்துக்கடைக்காரர் கொழுந்தியாளைத்தான் கட்டுவார் என்று டெய்லர் தெருவெல்லாம் அடித்துச் சொன்னார். அவர் கட்டிக்கொண்டது முதலாளியம்மாவை. கொழுந்தியாள் அதே பெட்டியோடு ஆற்றுக்கு அக்கரையில், ஆலைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குக் குடிபோனாள். குடிபோன அன்று அத்தான் போய், யாரும் கேட்காமலே ஒரு வெந்நீர்க் குழாய் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் பழைய வீட்டுப் பதிவு மறுபடி அத்தானுடையதாயிற்று. கடைசி இடத்தில் வந்தார். ஏழாவது தாளையும் ஷெட்டில் குத்தி வைத்திருக்கிறார்.