செத்தவனுக்கு ஒரு சிங்கப்பூர் விசா

வீல்!

அந்த அலறலில் கவுஸ் பாஷாவின் கையிலிருந்த டீ கிளாஸ் விழுந்து உடைந்தது.

வேலூரில் அவருடைய டிராவல்ஸ் ஆபீஸ். வருஷம் 2007. அலறியவள் அவரிடம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹெப்சி.

"இன்னா ஹெப்சிம்மா? ஷாக் அடிச்சுதா?"

மேஜை மேல் சிங்கப்பூர் விசா மனுவோடு கிடந்த ஒரு பாஸ்போர்ட்டை நோக்கி அவள் விரல் நீண்டது...

பாஷா எடுத்துப் பிரித்தார்.

பெயர் நத்தானியேல். தகப்பனார் மோசஸ். ஊர் ஆம்பூர்.

"உங்கண்ணன் பாஸ்போர்ட்டு! பாம்பே போய்ட்டான், போனே இல்லன்னு அழுதியே... கெடச்சிட்டானா?"

"பேரை விடுங்க பாய். போட்டோவைப் பாருங்க!"

பார்த்தார். கோட்டு, டை, கொழுத்த கன்னம். எங்கேயோ பார்த்த முகம்... எங்கே?

ஹெப்சி ஜன்னலைக் காட்டினாள். எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

அதே கோட்டு. அதே டை. அதே கன்னம்!

'ஆம்பூர் தோல் தொழிற்சாலை அதிபர் டைட்டஸ் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.'

"யா அல்லா! செத்தவன் சிங்கப்பூர் போறானா?"

டைட்டஸ் செத்த கதை ஊருக்கே தெரியும். அவருடைய தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் இரண்டு தொழிலாளிகள் விஷவாயுவில் செத்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்பு வரும் நேரத்தில் ஏலகிரி மலைப்பாதையில் அவர் கார் எரிந்தது. உள்ளே கரிக்கட்டையாய் ஓர் உடம்பு. மோதிரத்தைப் பார்த்து, "என் வீட்டுக்காரர்தான்!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் மனைவி ஜெயபுஷ்பம்.

அவருடைய காரோட்டி நத்தானியேல்? "அவன் லீவு போட்டுட்டு பாம்பே போய்ட்டான்" என்றாள் அதே ஜெயபுஷ்பம்.

ஹெப்சிக்கு இப்போது எல்லாம் புரிந்தது.

"பாய்... அந்தக் கல்லறையில இருக்கறது எங்கண்ணன். 'சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறேன்'னு பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சிக்கிட்டான் அந்தப் பாவி. கொன்னு, எரிச்சு, இவன் போட்டோவை ஒட்டி..."

"இது நம்ம ஆபீஸுக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"அரக்கோணம் சப் ஏஜெண்ட் அனுப்பினது."

அங்கேதான் டைட்டஸ் கோட்டை விட்டார்! சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் போக இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் மனு, கம்ப்யூட்டரிலேயே அனுமதி. ஆனால் அதை அனுப்பும் பாஸ்வேர்டு சின்ன ஏஜெண்டுகளிடம் கிடையாது. அரக்கோணம் வரைக்கும் உள்ளவர்கள் எல்லாம் கவுஸ் பாஷாவிடம்தான் தள்ளுவார்கள். ஆம்பூர் வேண்டாம், வேலூர் வேண்டாம் என்று டைட்டஸ் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார். மூக்கு வேலூரில் இருந்தது!

போட்டோ? செத்தவன் ஸ்டுடியோவுக்குப் போக முடியுமா? வீட்டிலிருந்த ஒரே போட்டோவில் ஒரு பிரதியைப் போஸ்டர்காரனுக்குக் கொடுத்தாள் மனைவி. மீதியைப் புருஷனிடம் கொடுத்தாள்.

"போலீஸுக்குப் போன் போடட்டுமா?"

"போடுங்க பாய். ஆனா அவன் ஒத்துக்கணும். கல்லறையில இருக்கறது எங்கண்ணன்தான்னு அவன் வாயால சொல்லணும். அதுக்கு போலீஸை நான் சொல்றபடி செய்யச் சொல்லுங்க."

அவள் கண்ணில் ஈரம் இல்லை. நெருப்பு இருந்தது.

மறுநாள்.

கறுப்புக் கண்ணாடியும் குல்லாவுமாக ஓர் ஆள் உள்ளே வந்தான்.

"விசா வந்திடுச்சுன்னு அரக்கோணத்துல சொன்னாங்க. இங்க வந்து கையெழுத்து போடணுமாமே?"

"ஆமா சார். உக்காருங்க" என்றாள் ஹெப்சி.

டைட்டஸை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். டைட்டஸ் அவளைப் பார்த்ததே இல்லை. காரோட்டியின் தங்கச்சியை எந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தான்?

"பேரு?"

"நத்தானியேல்."

"அப்பா?"

"மோசஸ்."

"என்ன வேலை சார்?"

"ட்ரைவர். டைட்டஸ் முதலாளிகிட்ட இருந்தேன். பாவம், செத்துட்டாரு."

"கூடப் பொறந்தவங்க?"

"இதெல்லாமா கேக்கறாங்க? ஒரு தங்கச்சி."

"பேரு?"

டைட்டஸ் விழித்தார். சொந்த காரோட்டியின் தங்கச்சி பேர் தெரியாதா? தெரியாது!

"ஹெப்சி" என்றாள் அவள் மெதுவாக. "நான்தான் அது... அண்ணே!"

டைட்டஸ் எழுந்து ஓடத் திரும்பினார். வாசலில் இன்ஸ்பெக்டர் தமிழ்வேந்தன்!

"உங்க அண்ணன்தானாம்மா?"

"ஆமா சார். முதலாளியைக் காரோட கொளுத்திட்டு ஓடினான்னு புகார் குடுத்தேனே, இவன்தான்."

"நத்தானியேல்! டைட்டஸைக் கொன்னதுக்காக உன்னை அரெஸ்ட் பண்றேன்."

"சார்! நான் நத்தானியேல் இல்ல!"

"இப்பதான்யா நீயே சொன்னே. நான் கதவுக்குப் பின்னாடிதான் இருந்தேன்."

"நான்தான் சார் டைட்டஸ்!"

"அவருக்கு நானே மலர்வளையம் வெச்சேன். கலாட்டா பண்ணாதே."

"என் சம்சாரத்தைக் கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் ஆம்பூருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்தினார்.

"மேடம், நான்தான் உங்க வீட்டுக்காரர், உயிரோட இருக்கேன்னு ஒருத்தர் போலீஸ்கிட்ட சொல்றாரு..."

"புஷ்பம்! நான்தான் பேசறேன்! சொல்லு!" டைட்டஸ் கத்தினார்.

ஆமென்றால் அவளும் உள்ளே போக வேண்டும். ஜெயபுஷ்பத்துக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

"யாரோ பைத்தியம் சார். என் வீட்டுக்காரரைப் புதைச்சாச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை அழ என்னால முடியாது."

டொக்!

டைட்டஸின் முகம் பேயறைந்தது போலானது. தன்னைத் தானே கொன்ற கேஸில் தூக்கா? அவர் ஹெப்சியின் காலில் விழுந்தார்.

"நீ சொல்லும்மா! நான் உங்கண்ணன் இல்லன்னு நீ ஒருத்திதான் சொல்ல முடியும்!"

"சொல்றேன். அதுக்கு முன்ன நீ சொல்லு. எங்கண்ணன் எங்க?"

"அது..."

"தெரியாதா? அப்ப நீதான் எங்கண்ணன். சார், கூட்டிட்டுப் போங்க!"

"இரும்மா! இரு! டீயில தூக்க மாத்திரை கலந்தேன்... என் மோதிரத்தை அவன் விரல்ல மாட்டினேன்... நான்தான் கொளுத்தினேன்! கல்லறையில இருக்கறது நத்தானியேல்!"

ஹெப்சி அப்போதுதான் அழுதாள். அண்ணன் ஓடிப்போகவில்லை. அவனுக்கு ஒரு கல்லறையும் உண்டு. பேர்தான் மாற்ற வேண்டும்.

"கல்லறையைத் தோண்டி டெஸ்ட் பண்ணா மீதி தெரிஞ்சிடும்" என்ற தமிழ்வேந்தன், டைட்டஸின் கையில் விலங்கை மாட்டினார். "ஆம்பூருக்கு ஒரு ஜீப் அனுப்புங்கய்யா. புருஷன் கூப்பிடறார்னு அந்தம்மாவையும் ஏத்திட்டு வாங்க!"

கவுஸ் பாஷா தொண்டையைக் கனைத்தார்.

"ஹெப்சிம்மா, அந்த சிங்கப்பூர் மனுவை கேன்சல் பண்ணிடு."

"அனுப்பினாத்தானே பாய் கேன்சல் பண்ண!" ஹெப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாருக்கு வேலூர் ஜெயில்லயே தங்க ஏற்பாடு பண்ணியாச்சு. அங்க விசாவும் கேக்க மாட்டாங்க, ரிட்டர்ன் டிக்கெட்டும் கேக்க மாட்டாங்க!"