வாசலில் இல்லாத செருப்பு

திரையில் கதவைக் காணோம்.

அமலராணி முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். காலையிலிருந்து வரைந்த ஆபீஸ் பிளான். இதே கம்ப்யூட்டர் ரூமின் தெற்குச் சுவரில் அவளே வைத்த கதவு. இப்போது அங்கே சுவர்க்கோடு நேராக ஓடியது. மறுபடி வரைந்தாள். படம் வரி வரியாக இறங்கி வந்தது. கதவு இல்லை.

சனிக்கிழமை அரைநாள்தான். பெருங்களத்தூரில் ரெண்டு மணி ட்ரெயினைப் பிடித்தால்தான், வண்டலூரில் பக்கத்து வீட்டில் விட்டுவந்த நாலு மாதக் குழந்தைக்குப் பசியாற்ற முடியும். மார்பு இப்போதே கனத்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தாள்.

கதவிடுக்கு வழியாக வாட்ச்மேன் ஜெயவேலுவின் குரல் லேசாகக் கேட்டது. "வாசல்ல ஒரு ஜோடி செருப்புகூட இல்ல சார். பூட்டிகினு கெளம்பறேன்."

சாவி திரும்பியது.

அந்த ஆபீசில் செருப்பை வைத்துத்தான் ஆளை எண்ணுவார்கள். தூசு பட்டால் லட்ச லட்சமாய்க் கொட்டி வாங்கிய நாலு ஒர்க்ஸ்டேஷனும் படுத்துவிடுமாம். அதனால் எல்லோரும் வெறுங்கால்தான். போன வாரம் ஒற்றைச் செருப்பை நாய் கவ்விக்கொண்டு போனதால், புதுசைப் பையில் போட்டு உள்ளே கொண்டுவந்திருந்தாள். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள்.

"ஜெயவேலு அண்ணா! நான் உள்ள இருக்கேன்!"

ஜன்னல் இல்லாத அறை. குளிர் வெளியே போகாதபடி சுவரெல்லாம் தெர்மகோல். கத்தல் அவள் காதோடு நின்றுவிட்டது. மெயினை அணைத்துவிட்டான் போல, விளக்கும் ஏசியும் போயின. யுபிஎஸ் தயவில் மெஷின்கள் மட்டும் இரைந்தன. மூன்று இரைச்சல். பிறகு மூலையிலிருந்து நாலாவது.

அது ரமாவின் மெஷின். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை வேலைக்கு வந்தவள் வீடு போய்ச் சேரவேயில்லை. எவனோடோ ஓடிவிட்டாள் என்று வாய் கூசாமல் பேசினார்கள். அதன்பின் அந்த மெஷினை யாரும் போட்டதில்லை.

அதன் திரை வெளுத்தது. அதே பிளான். கதவில்லாத அறை.

அமலராணி தெற்குச் சுவருக்கு ஓடித் தடவினாள். தெர்மகோல். தெர்மகோல். மூலை. திரும்பவும் தடவினாள். கைப்பிடி இல்லை. இடுக்கு இல்லை. ரவிக்கை நனைந்தது. குழந்தை அழ ஆரம்பித்திருக்கும்.

புழுக்கத்தில் பழைய தோல் நாற்றம்.

குனிந்தாள். நாலாவது மேஜைக்கடியில், திரை வெளிச்சத்தில், நீல வார் வைத்த செருப்பு. தினமும் வாசலில் பார்த்ததுதான். அந்தச் சனிக்கிழமை ரமாவும் உள்ளே கொண்டுவந்திருக்கிறாள்.

செருப்புக்குள் கால்கள் இருந்தன.

அவை மெதுவாக நகர்ந்தன. பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டு.