அண்ணனுக்குப் போட்ட இலை

மூன்றாவது இலை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நுனி இடப்பக்கம் வரும்படி முனிலட்சுமி அதை நேராக விரித்துவிட்டுத் திரும்புவாள். மறுபடி பார்த்தால் இலை ஒரு விரற்கடை சுவரோரமாக நகர்ந்திருக்கும். மற்ற இரண்டும் போட்டது போட்டபடி கிடந்தன. முதலில் ஃபேனைத்தான் சந்தேகப்பட்டாள். விளக்கு அணைந்துவிடும் என்று அரைமணி நேரத்துக்கு முன்பு அவளே ஃபேனை நிறுத்தியது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வீட்டு ஓனர் டைல்ஸ் போட்ட லட்சணம், தரை சரிவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, களி உருண்டையை எடுத்து இலை நடுவில் வைத்தாள். கனத்தில் இலை அடங்கியது.

மாளய அமாவாசை. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்த லைன் வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். கணவன் தினேஷ்குமாருக்கு இரண்டாவது ஷிஃப்ட். முதல் இலை அப்பா ஆஞ்சப்பனுக்கு. இரண்டாவது, பங்குனியில் போய்ச் சேர்ந்த அம்மா ஜோதியம்மாளுக்கு. மூன்றாவது அண்ணன் ஹரீஷ்குமாருக்கு.

தொரப்பள்ளியில் அவர்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் தீபாவளிகூட இந்த அமாவாசைக்கு அடுத்தபடிதான். புரட்டாசி என்று ஊரே கவிச்சியை விட்டிருக்கும். அவர்கள் வீட்டில் அன்றைக்கு ஒருநாள் மட்டும் கோழி கொதிக்கும். தாத்தாவுக்குப் பீடிக்கட்டு, பெரியப்பாவுக்குக் குவார்ட்டர், அத்தைக்குக் கண்ணாடி வளையல் என்று செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலை பக்கத்தில் வைத்து, புதுத்துணியை மடித்து வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அப்பா எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள். அதுவரை கதவைத் தொடக்கூடாது, இடுக்கில் பார்க்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. கோழி வாசனையில் எச்சில் ஊற, பயத்தில் அண்ணன் கையை இறுக்கிப் பிடித்தபடி இருட்டில் உட்கார்ந்திருப்பாள். அண்ணன் சும்மா இருக்க மாட்டான். "பெரியப்பா எலும்பு கடிக்கறாரு, கேளு" என்று காதுக்குள் சொல்வான். அவள் வீறிடுவாள். முதுகில் ஒன்று விழும், இரண்டு பேருக்கும் சேர்த்து. அந்தப் பயம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அந்த அண்ணன் ஒன்பது வருஷத்துக்கு முன்பு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூர் பக்கம் போனவன்தான். போன் இல்லை, தகவல் இல்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் யாராவது ஒரு சொந்தக்காரர் அவனுக்கும் ஓர் இலை போடலாமே என்று ஆரம்பிப்பார். அம்மா காளியாகிவிடுவாள்.

"எம் புள்ள எங்கியோ உசுரோட இருக்கறான். அவனுக்கு எல போட்டா, அந்த எலையில வேற எவனாச்சும் வந்து குந்திக்குவான். அவன் பங்க இவன் தின்னுருவான்."

அம்மாவின் உடம்பைச் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள், அவன் வருவான் என்று. வரவில்லை. அன்றைக்கு முனிலட்சுமியின் மனசில் விழுந்த கசப்பு ஆறு மாதமாகியும் கரையவில்லை. அண்ணன் செத்துவிட்டான் என்று அவள் நம்பினாளா என்றால், இல்லை. செத்தவனாக இருக்கட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அவன் போட்டோவுக்குக் குங்குமம் வைத்தாள். பழைய அளவை நினைவு வைத்து வாங்கிய நீலச் சட்டையை இலையருகே வைத்தாள். "அம்மா சாவுக்கே வராதவன் இருந்தா என்னா, போனா என்னா? வந்து தின்னுட்டுப் போ," என்று சொல்லி அவன் பெயரைக் கூப்பிட்டாள். பிறகு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்தாள்.

மணி ஆறரை இருக்கும். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதன் டீசல் நாற்றம் அடங்கியதும் கதவிடுக்கு வழியாகச் சாம்பிராணியும் கோழிக் குழம்பும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்தது, எங்கோ ஒரு வீட்டில் கன்னட சீரியல் பாட்டு கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் விட்டு ஓய்ந்தது, அதற்குப் பிறகு தெரு முழுக்கச் சத்தத்தை யாரோ குறைத்துவிட்டது போல ஆனது.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

குழாய்தான், ஒழுகுகிறது என்று நினைத்தாள். ஆனால் குழாய்த் தண்ணீர் நின்று நின்று ஊற்றாது. செம்பைச் சாய்த்து, கை கழுவி, மறுபடி சாய்த்து, செம்பைத் தரையில் வைத்த 'ணங்' என்ற ஓசை வரை தெளிவாகக் கேட்டது. அப்புறம் இலை தரையில் உரசியது. அப்புறம் மெல்லும் சத்தம். ஒரே ஒருவர் மெல்லும் சத்தம். பல நாள் பட்டினி கிடந்தவன் போல, மூச்சுவிட நேரமில்லாமல், அள்ளி அள்ளி.

கையில் இருந்த போன் அடித்தது. கர்நாடகா நம்பர்.

"பாப்பா."

ஒன்பது வருஷம் கழித்தும் அந்தக் குரலுக்குப் பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அம்மா போயிருச்சாமே? இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. நம்மூர்க்காரன் ஒருத்தன் பொம்மசந்திராவுல பாத்துச் சொன்னான். உன் நம்பரும் அட்ரஸும் அவன்தான் குடுத்தான். ஆட்டோவுல வந்துட்டிருக்கறேன். ஜூஜூவாடி தாண்டிட்டேன். என்னைத் திட்டு பாப்பா, வேணும்னா அடிக்கக்கூட செய்."

"அண்ணா," என்றாள். அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. உயிரோடு இருக்கிறான். அண்ணன் இருக்கிறான். அம்மா சொன்னது சரி.

அம்மா சொன்னது சரி.

கதவுக்குப் பின்னால் எலும்பு ஒன்று நொறுங்கியது.

"என்னான்னு தெரியல பாப்பா," என்றான் அவன். குரல் இளைத்திருந்தது. "அத்திப்பள்ளி வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். இப்ப வயித்துக்குள்ளருந்து எதயோ அள்ளி அள்ளி எடுக்கற மாதிரி இருக்குது."

அவள் எழுந்து கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. அவள் வெறுமனே சாத்திய கதவு. உள்தாழ்ப்பாள் போட உள்ளே ஆளில்லை. தோளால் மோதினாள். இன்னொரு முறை.

"நிறுத்து! அது உனக்கில்ல! எழுந்திரு!"

மெல்லும் சத்தம் நிற்கவில்லை. அவசரப்பட்டது.

ஜன்னலுக்கு ஓடினாள். திரைச்சீலை ஓரத்தில் ஒரு விரல் அகல இடைவெளி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பாவின் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மாவின் இலையிலும் அப்படியே. மூன்றாவது இலைக்கு முன்னால், அவளுக்கு முதுகு காட்டி, அந்த நீலச் சட்டை உட்கார்ந்திருந்தது. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையாமல் தொளதொளவென்று தொங்கியது. கழுத்துப்பட்டிக்கு மேலே ஒன்றுமில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் சட்டை கொஞ்சம் நிறைந்தது. தோள் வந்தது. முதுகு வந்தது.

"அம்மா, நீயாச்சும் தடும்மா! நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். கோவத்துல பண்ணிட்டேன். அவன் பொழச்சுப் போகட்டும்மா!"

அம்மாவின் இலை அசையவில்லை.

போனில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "பாப்பா… உம் பேரு என்னா பாப்பா?" என்றான். பிறகு அதுவும் இல்லை.

ஆட்டோ தெருமுனையில் திரும்பி, முகப்பு விளக்கோடு அவள் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"அம்மா, நீங்கதான் இவுரு தங்கச்சியா? பேகா, சீக்கிரம் வாங்கம்மா. ஏறும்போது நல்லாத்தான் பேசினாரு. இப்ப என்னமோ ஆகுது."

பின்சீட்டில் அண்ணன் இருந்தான். நரைத்த தாடி. அப்பாவின் மூக்கு. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன; கழுத்து, சட்டைக்குள் ஒரு குச்சியாக நின்றது. அவளைப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. வெறும் வாய். வீட்டுக்குள் மெல்லும் அதே தாளத்தில் மென்றது. உள்ளே விழுங்கும்போது அவன் தொண்டை ஏறி இறங்கியது.

அவன் கையைப் பிடித்தாள். ஐஸ். கனமே இல்லை.

"அண்ணா, என்னைப் பாரு. வந்துட்டே பாரு. வீட்டுக்கு வந்துட்டே."

மெல்லும் சத்தம் நின்றது.

பிறகு, மூடிய கதவுக்குப் பின்னால், இலையை மடிக்கும் சத்தம். நிதானமாக. வயிறு நிறைந்தவன் மடிப்பது போல.

பின்சீட்டில் அண்ணன் இடுப்போடு மடிந்தான். நெற்றி முழங்காலில் பட்டது. டிரைவர் ஏதோ கன்னடத்தில் கத்தினார்.

வீட்டுக்குள் தாழ்ப்பாள் விலகியது. அண்ணனின் குரல், பழைய குரல், கனிந்து, தெம்பாக:

"பாப்பா, வயிறு நெறைஞ்சிருச்சி. கை கழுவத் தண்ணி கொண்டா."