விடு என்று சொல்லும்வரை

பிரேக் மிதி கீழே இறங்கியிருந்தது.

பட்டறைக் கதவைத் தள்ளித் திறந்து, சொட்டும் குடையை மூலையில் வீசிவிட்டுப் பெரியவன் முதலில் பார்த்தது அதைத்தான். நேற்று மாலை பூட்டிக்கொண்டு போகும்போது மேலே நின்ற மிதி. அதை இழுத்துப் பிடிக்கத் தடிமனான புது ஸ்பிரிங் ஒன்றை அவனே கையால் மாட்டியிருந்தான். அந்த ஸ்பிரிங் இப்போது நீள இழுபட்டு விறைத்திருக்க, மிதி பாதித் தூரம் கீழே போய் அசையாமல் நின்றது.

"களவாணிப் பசங்க! ஸ்பிரிங்னு சொல்லித் தகரத்தை விக்கிறானுங்க" என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே கையால் மிதியை மேலே தூக்கினான். வரவில்லை. இன்னும் அழுத்தித் தூக்கினான். கொஞ்ச நேரம் எதிர்த்துவிட்டு, சட்டென்று விட்டுக்கொடுத்து மேலே வந்தது. மிதியின் ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. விடியற்காலையிலிருந்து மழை, பட்டறையில் மற்ற இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது.

அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. கோபம் வந்தால் அவனுக்கு யோசனை வராது. யோசனை வரக் கூடாத நாட்களில் அவனே கோபத்தை வரவழைத்துக்கொள்வான். ஏழு மாதமாக அப்படித்தான் காலம் தள்ளுகிறான்.

அது பழைய பிக்கப் வண்டி. இந்தக் காலத்து வண்டிகளைப் போல மிதி கேபினோடு சேர்ந்து வராது, அடிச்சட்டத்திலேயே பூட்டியிருக்கும். கேபினைக் கழற்றித் தூர வைத்த பிறகும் மிதி மட்டும் வெறும் சட்டத்திலிருந்து தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. கதவு இல்லை, தரை இல்லை, இருக்கை இல்லை. சக்கரங்களைக் கூடக் கழற்றி, நான்கு ஸ்டாண்டுகளின் மேல் சட்டத்தை ஏற்றி வைத்திருந்தான். இருக்கை வர வேண்டிய இடத்தில், உட்கார்ந்து மிதித்துப் பார்க்க ஒரு பலகையைக் குறுக்கே போட்டிருந்தான்.

மலைச்சாலை வளைவில் உருண்டு முறுக்கிக்கொண்ட சட்டம் அது. மூலைக்கு மூலை நாடா பிடித்து அளந்து, சூடு காட்டி, ஜாக்கி கொடுத்து நிமிர்த்தினான். மணலைப் பீய்ச்சித் துருவை எடுத்தான். பழைய டிரம் பிரேக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு நான்கு மூலைக்கும் டிஸ்க் பிரேக் போட்டான். ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் செத்துப்போன தம்பியைத் திட்டினான். தூங்குமூஞ்சி. ஓட்டத் தெரியாத பயல். எனக்குக் கெட்ட பேர் வாங்கித் தரத்தான் பிறந்தாய்.

தம்பிக்கு வீட்டில் சின்னவன் என்று பேர், இவனுக்குப் பெரியவன். இருவரும் சேர்ந்துதான் இந்தப் பட்டறையை நடத்தினார்கள். வண்டி உருண்ட அன்று சின்னவன் போய்விட்டான். கூட வந்த சுமைதூக்கிக்கு ஒரு கால் போனது. காரணம் கேட்டவர்களிடமெல்லாம் பெரியவன் ஒரே பதிலைச் சொன்னான்: "வண்டியில ஒரு குறையும் இல்ல. அவன்தான் தூங்கிட்டான்." நாக்கில் நரம்பில்லாமல் சொன்னான். அந்தச் சொல் ஊரைச் சுற்றி வந்தது. கால் போனவரின் தாய், சின்னவன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

அதற்குப் பிறகும் தம்பி பெண்டாட்டி கேட்பதை விடவில்லை. அழவில்லை, சண்டைக்கு வரவில்லை. பார்க்கிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. "பிரேக் பிடிச்சுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க மாமா." இந்த அமைதியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கத்தித் தொலைத்தாலாவது பதிலுக்குக் கத்தலாம். நேற்று பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்: "நாளைக்குப் பட்டறைக்கு வா. அதே வண்டி, நீயே மிதிச்சுப் பாரு. கல்லு மாதிரி நிக்கும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சு இருக்கக் கூடாது."

"நாலு மணிக்கு வரேன் மாமா" என்றாள்.

புதுப் பிரேக் பிடித்தால் பழைய பிரேக்கும் பிடித்ததாக ஆகிவிடுமா என்று யாராவது கேட்டிருந்தால் ஸ்பேனராலேயே அடித்திருப்பான். அவனுக்கு வேண்டியது, நாலு மணிக்கு அந்த மிதி கல்லாக நிற்க வேண்டும். அவள் வாய் மூட வேண்டும். அவ்வளவுதான்.

மிதி கல்லாக நிற்க வேண்டுமானால் பிரேக் ஆயில் குழாய்களில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அது இரண்டு ஆள் வேலை. ஒருவன் மேலே உட்கார்ந்து மிதிப்பான். ஒருவன் கீழே படுத்து, சக்கரத்தருகே இருக்கும் நிப்பிளை, காற்றை வெளியேற்றும் அந்தச் சின்னத் திருகை, திறந்து மூடுவான். கீழே இருப்பவன் "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் மிதித்தபடியே பிடிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்து காற்றைக் கக்கவிட்டு, இறுக்கி மூடிய பிறகு "விடு" என்பான். அதற்கு முன்னால் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். சின்னவன் பத்து வயதில் அந்தப் பாடத்தைப் படித்தான். ஒருமுறை சொல்லுக்கு முன்னால் காலை எடுத்ததற்காகப் பெரியவன் அவன் பிடரியில் வைத்த அறை, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது.

இப்போது ஒற்றை ஆள். நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனையை ஆயில் புட்டியில் முக்கிவைத்து, எழுந்து போய் மிதித்து, திரும்ப வந்து படுத்து மூடி, மறுபடி எழுந்து போய். மூன்று மூலைகள் முடிவதற்குள் முழங்கால் கழன்றுவிட்டது. மூன்று மணிக்கு அவன் மனைவி பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தாள்.

"நான் வேணா மேல உக்காந்து மிதிக்கட்டுமாங்க?"

"ஒண்ணும் வேணாம். நீ போ."

"இல்ல, முன்னெல்லாம் சின்னவரு..."

"போடின்னா போ!"

பிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் குடை தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கடைசி மூலைக்கு வந்தான். ஓட்டுபவன் பக்கத்து முன்சக்கரம். மிதியிலிருந்து தூரத்தில் இருப்பதில் தொடங்கிக் கிட்டத்தில் இருப்பதில் முடிப்பதுதான் முறை; நான்காவதாக எப்போதும் இதுதான் வரும்.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. சட்டத்துக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தான். புது பெயின்ட் வாசனை, பிரேக் ஆயிலின் எண்ணெய்க் கசப்பு, முதுகுக்குக் கீழே சிமென்ட் தரையின் ஈரம். மேலே, சட்டத்தின் இடைவெளியில், பலகையின் அடிப்பக்கமும் மிதியின் இரும்புக் கையும் தெரிந்தன. ஸ்பேனரை நிப்பிளில் மாட்டினான். கை தன்பாட்டுக்கு மாட்டியது. வாயும் தன்பாட்டுக்குத் திறந்தது.

"மிதி" என்றான்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சீ, புத்தி கெட்டவனே, யாரைக் கூப்பிடுகிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு எழப் பார்த்தான்.

பலகை வளைந்தது.

உட்காரும்போது வளைகிற வளைவு. நடுவில் மெல்லத் தாழ்ந்து, கிறீச்சிட்டு, நின்றது. மிதியின் கை கீழே இறங்கியது. குழாய்க்குள் ஆயில் ஓடுகிற மெல்லிய சீறல் அவன் காதருகே கேட்டது. மிதி மேலே போனது. மறுபடி இறங்கியது. மூன்று முறை, நிதானமாக, கற்றுக்கொடுத்தபடி. மூன்றாவது முறை கீழேயே நின்றது.

காத்திருந்தது.

பெரியவனுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, ஆத்திரம். செத்தும் விடமாட்டாயா? உயிரோடு இருந்தபோது, இதே மூலையில், இதே நான்காவது சக்கரத்தில்தான் சின்னவன் அந்தப் பேச்சை எடுத்தான். "அண்ணா, அடுத்த மாசம் நான் தனியா ஒரு பட்டறை போடலாம்னு இருக்கேன்" என்று மேலே இருந்து சொன்னான், மிதித்துப் பிடித்தபடியே. பெரியவன் அப்போது நிப்பிளைத் திறந்து, காற்று போனதும் விரலால் திருகியிருந்தான்; ஸ்பேனரால் இறுக்குவதுதான் பாக்கி. தலைக்கு மேல் கோபம் ஏறியது. ஸ்பேனரை வீசிவிட்டு, "நன்றி கெட்ட நாயே" என்று கத்திவிட்டு வெளியே போனான். "விடு" என்று சொல்லவில்லை. நிப்பிளை இறுக்கவும் இல்லை. விரலால் திருகிய அளவுக்குத்தான் மூடியிருந்தது. சின்னவன் அரை மணி நேரம் மிதித்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததாக எதிர்க்கடைக்காரர் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் இறுக்கி முடித்துவிட்டான் என்று நம்பி, மறுநாள் காலையில் வண்டியை எடுத்தான். இரவெல்லாம் ஆயில் சொட்டியிருக்கிறது. வளைவில் மிதித்திருக்கிறான்.

நசுங்கிய வண்டி பட்டறைக்கு வந்ததும் பெரியவன் செய்த முதல் வேலை, அந்த நிப்பிளைக் கழற்றிச் சாக்கடையில் போட்டதுதான்.

"இறங்குடா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. "என் பட்டறைய விட்டுப் போடா."

மிதி மேலே வந்தது. இறங்கியது. இந்த முறை நிதானம் இல்லை. மேலே. கீழே. மேலே. கீழே. கால் தரையில் இடிக்கிற சத்தம், அங்கே தரையே இல்லாதபோதும். தொம். தொம். தொம். பிடிக்காத பிரேக்கை மிதிக்கிறவனின் மிதி. ஸ்டாண்டுகள் சிமென்ட்டில் நறநறத்தன. சட்டம் அவன் மார்புக்கு ஒரு முழம் மேலே ஆடியது. நகர்ந்தால் தட்டும். தட்டினால் விழும். அவன் நகரவில்லை. அவன் இன்னும் திறக்காத நிப்பிளிலிருந்து ஆயில் சீறிக் கன்னத்தில் அடித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அதை மூட ஸ்பேனரைத் திருப்பினான். திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருப்பினான். ஓர் இழைகூட அசையவில்லை.

கதவு திறந்தது.

மழையின் இரைச்சல் ஒரு கணம் உள்ளே வந்து போனது. ஈரச் செருப்புகள் இரண்டு வாசலருகே நின்றன. தம்பி பெண்டாட்டியின் செருப்புகள். மணி நாலு.

தொம் தொம் சத்தம் நின்றது. பலகை மட்டும் வளைந்தே இருந்தது.

"மாமா?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "மிதிக்க ஆள் வெச்சிருக்கீங்களா? யாரு மாமா அது, முதுகைக் காட்டிக்கிட்டு?"

"வராத!" என்று கத்தினான். கத்தியதாக நினைத்தான். தொண்டையில் காற்றுதான் வந்தது.

செருப்புகள் ஓர் அடி எடுத்து வைத்தன. இன்னோர் அடி. சட்டத்தின் ஓரமாக, முன்பக்கம் நோக்கி. முகத்தைப் பார்க்கப் போகிறாள்.

விபத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தவன் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். அடையாளம் காட்டப் பிணவறைக்குள் கூட்டிப்போனார்கள், துணியை விலக்கினார்கள், அவன் தலையாட்டினான். வெளியே வந்து, "அவளுக்குக் காட்டாதீங்க. கெஞ்சினாலும் காட்டாதீங்க" என்றான். அன்று அவள் கெஞ்சினாள். மூடிய பெட்டியின் மேல் விழுந்து, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். யாரும் காட்டவில்லை. அவன் வாழ்நாளில் அவளுக்குச் செய்த ஒரே நல்லது அது.

"வேணாம்மா," என்று முனகினான். "பாக்காத. நான் சொல்லிடறேன். பிரேக் பிடிக்கலம்மா. நான்தான்... நான்தான் மூடல. போயிடு. பாக்காத."

செருப்புகள் அவன் தலையைத் தாண்டிப் போயின. நின்றன. மெல்லத் திரும்பி, விரல்கள் பலகையைப் பார்த்து நின்றன.

அவள் அலறுவாள் என்று காத்திருந்தான். அலறவில்லை. மழை. மழை மட்டும். பிறகு அவள் குரல் வந்தது. வீட்டில், வேலை முடிந்து வந்தவரிடம் பேசுகிற சாதாரணக் குரல்.

"உங்க அண்ணன் சொன்னது கேட்டுச்சாங்க?"

பலகை நிமிர்ந்தது.

இரண்டு கால்கள் சட்டத்திலிருந்து தரையில் இறங்கின. வெறும் கால்கள். செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றன. வலது பாதம் கணுக்காலோடு பின்பக்கம் மடங்கியிருந்தது. அந்தப் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

"விடு" என்றான் பெரியவன். "விட்டுடுடா. சின்னவனே, விடு."

முழங்கால்கள் மடிந்தன. ஒரு கை தரையில் ஊன்றியது. இன்னொரு கை சட்டத்தின் விளிம்பைப் பிடித்தது. சட்டத்துக்குக் கீழே, வெளிச்சம் வந்துகொண்டிருந்த இடத்தில், முதலில் தலைமுடி இறங்கியது.