தர்ஷினிக்குச் சிரிக்க வந்தது

தர்ஷினி சாம்பாரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

கோகிலவாணி கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக அந்தப் பெண்ணின் தட்டில் சோறு தனியாக, குழம்பு ஒரு கிண்ணத்தில், பொரியல் இன்னொரு கிண்ணத்தில்தான் இருக்கும். ஒன்று மற்றொன்றைத் தொட்டுவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விடுவாள். அடித்தும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. இப்போது விரலிடுக்கில் சாம்பார் வழிய உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, "நல்லா இருக்கும்மா" என்றாள்.

அம்மாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அதுவும் புதிது.

கோகிலவாணி அதியமான்கோட்டையில் அங்கன்வாடி டீச்சர். சின்னப் பிள்ளைகள் காக்காயைக் கண்டால் விரல் நீட்டி அடுத்தவருக்குக் காட்டும் என்பது அவளுக்குத் தினமும் பார்த்துப் பழகிய விஷயம். அவளுடைய மகள் எதையும் யாருக்கும் காட்டியதில்லை. ஆனால் அந்த வயதிலேயே நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கொஞ்சம் வளர்ந்ததும், வாசலுக்கு வராமலே, சத்தத்தை வைத்து, போவது டேங்கரா டிரெய்லரா, லோடு இருக்கிறதா இல்லையா என்று சொன்னாள். பிளஸ் ஒன் வகுப்பில் இயற்பியல் வாத்தியார் போர்டில் போட்ட கணக்கு தப்பு என்று எழுந்து நின்று சொன்னாள். தப்புதான். அவர் முகம் சுண்டிப்போனது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வரியிலும் தப்பு இருப்பதைச் சொல்லிக்கொண்டே போனாள். பெரியப்பா செத்த வீட்டில், கூடியிருந்த பெண்கள் நடுவே நின்று, "யாராச்சும் புதுசா வந்தா மட்டும் ஏம்மா இவங்க சத்தமா அழறாங்க?" என்று கேட்டாள்.

பள்ளியில் அவளுக்கு ரோபோ என்று பெயர். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதெல்லாம் அவளுக்கு உறைக்காது என்றுதான் கோகிலவாணி நினைத்திருந்தாள். போன மாசம் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடி தர்ஷினி கேட்டாள்:

"அம்மா, சிரிக்கறது எப்ப ஆரம்பிக்கணும்னு மத்தவங்களுக்கு எப்படித் தெரியுது? எல்லாரும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கறாங்க. நான் எப்பவும் லேட்டாயிடறேன்."

அவளைக் கட்டிப்பிடிக்க முடியாது, தொட்டால் பிடிக்காது. கோகிலவாணி மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று, என் பொண்ணை எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் ஆக்கிடு என்று மனதுக்குள் கேட்டாள்.

சனிக்கிழமை அவளை ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிறந்து வளர்ந்து அதுதான் முதல் தடவை. இண்டூரில் இருக்கிற வகுப்புத் தோழி ஜாஸ்மினுக்குப் பிறந்தநாள். தர்ஷினி பச்சைச் சுடிதார் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். பொழுது சாயத் திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து இப்படித்தான்.

எதிர் வீட்டுக்காரியிடம் நின்று பேசுகிறாள். கடைக்குப் போனால் அண்ணா என்று கூப்பிட்டு விசாரிக்கிறாள். பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி லோடு அடித்துவிட்டு வந்த அவள் அப்பா பிரபாகர், மகள் சிரித்துக்கொண்டே தண்ணீர் சொம்பை நீட்டியதும் அதை வாங்கவே மறந்து நின்றான். அன்று சாயங்காலம் முழுக்க அப்பாவும் மகளும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"பொண்ணு தேறிட்டா கோகிலா," என்றான் அடுப்படிக்கு வந்து. அவன் கண் கலங்கியிருந்தது. "நீ ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லீங்க."

கோகிலவாணிக்கும் அந்த ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. கவலை இல்லாத தூக்கம். பிறகு அதை நினைத்து நினைத்துத்தான் அவள் நெஞ்சு வெந்தது.

மறுநாள் குக்கர் விசில் அடித்தது. எங்கே இருந்தாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குறுகிவிடுகிற பெண், விசிலுக்கு நேராக நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். வெளியே நெடுஞ்சாலையில் ஏதோ கனமான வண்டி ஒன்று ஏற்றத்தில் முக்கி முனகிக்கொண்டு போனது. கோகிலவாணி வாய் தவறியதுபோலக் கேட்டாள்:

"அது என்ன வண்டி கண்ணு?"

"ஏதோ லாரிம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழகான சிரிப்பு. சரியான இடத்தில் தொடங்கி, சரியான இடத்தில் முடிந்த சிரிப்பு.

அப்புறம் அந்த வாசனை. ஷாம்பு போட்டுக் குளித்து, மல்லிப்பூ வைத்து, பவுடர் பூசின பிறகும், அவள் தாண்டிப் போகையில் பின்னாலேயே ஒரு வாடை வந்தது. வெயில் படாத கல்லின் வாடை. பாசி காய்ந்து, அதன்மேல் மறுபடி ஈரம் இறங்கி, புறா எச்சமும் அழுகின இலையும் சேர்ந்து, வருஷக்கணக்காகக் காற்று நகராத இடத்தில் தங்கிப்போன வாடை. தலையணை உறையைத் துவைத்து வெயிலில் போட்டாள். போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் தர்ஷினி படுத்திருந்தாள். போர்வையை இழுத்துவிடலாம் என்று கோகிலவாணி வெறுங்காலோடு கதவருகில் வந்தவள், எதற்கென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள். ஃபேன் ஓடவில்லை. எதிர் வீட்டு நாய் ஓய்ந்துவிட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் மகளின் முதுகில் விழுந்திருந்தது. அந்த முதுகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோகிலவாணி பார்த்துக்கொண்டே நின்றாள். அசையவில்லை. ஒரு பொம்மையைப் படுக்கவைத்தது போல. அவள் பதறி ஓர் அடி எடுத்துவைத்தாள். கொலுசு லேசாகச் சத்தம் போட்டது.

உடனே முதுகு ஏறி இறங்கத் தொடங்கியது. மெல்ல. சீராக. தூங்குகிறவள் மாதிரி.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளையெல்லாம் அனுப்பிவிட்டு அங்கன்வாடியைப் பூட்டும்போது, கேட்டுக்கு வெளியே ஒரு பெண் பள்ளிச் சீருடையில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். உதடு வெடித்திருந்தது. தூங்கிப் பல நாள் ஆனவள் போல இருந்தாள்.

"ஆன்ட்டி, நான் ஜாஸ்மின். தர்ஷினி கிளாஸு."

"சொல்லும்மா. உள்ள வா."

அவள் உள்ளே வரவில்லை. "சனிக்கிழமை நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோங்க ஆன்ட்டி. சும்மா விளையாட்டுக்குத்தான். எங்க வூட்டுக்குப் பின்னால அர்ச்சுனன் தாத்தா தோட்டம் இருக்குது. அவங்க எல்லாம் ஓசூருக்குப் போயிட்டாங்க, யாரும் வர்றதில்ல. அங்க ஒரு பாழுங்கெணறு. தண்ணி இல்ல. அதோட ஆழத்த யாராலயும் சொல்ல முடியாதுன்னு சொன்னோம். கல்லு போட்டு, சத்தம் வர்ற நேரத்த வெச்சு சொல்லலாம்னு அவ சொன்னா. அதெல்லாம் ஒத்துக்க மாட்டோம், நீயே எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்லுன்னோம்."

"எறங்குனாளா?"

"அவதான் சொன்னத அப்படியே நம்புவாளே ஆன்ட்டி." ஜாஸ்மின் அழ ஆரம்பித்தாள். "படியில எறங்கிப் போனா. உள்ள இருந்து குரல் குடுத்துட்டே இருந்தா. அப்புறம் நாங்க ஓடி ஒளிஞ்சுக்கிட்டோம். எப்படிக் கூப்புடறான்னு பாக்கலாம்னு. அவ கூப்புடவே இல்ல. பயந்து போய் எட்டிப் பாத்தோம். ஆளக் காணோம். யார்கிட்டயாவது சொல்லலாம்னு ரோட்டுக்கு ஓடுனோம். அங்க பஸ் ஸ்டாப்புல அவ நின்னுட்டு இருந்தா. எங்களப் பாத்து சிரிச்சா."

"வேற வழியா ஏறி வந்திருப்பா."

"வேற வழி கெடையாதுங்க." ஜாஸ்மின் கையை இறுகக் கட்டிக்கொண்டாள். "அவ என்னோட சிரிப்பச் சிரிச்சா ஆன்ட்டி. என் வாயிலருந்து எடுத்த மாதிரி."

கோகிலவாணி பூட்டுச் சாவியைக் கேட்டிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

இண்டூர்ச் சாலையில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிவிட்டிருந்தது. கரும்பு வெட்டின காட்டில் காய்ந்த சோகை இலை எரிந்த வாடை. அதைத் தாண்டி, பராமரிப்பில்லாத மாமரங்கள். அவற்றுக்கு நடுவே கூரை போன மோட்டார் கொட்டாய், முள்ளுச் செடி, பிறகு தரை திடீரென்று இல்லாமல் போகிற ஒரு பெரிய சதுர இருட்டு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்படிகள் வரிசையாகக் கீழே போய், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. ஜாஸ்மின் வரப்பிலேயே நின்றுவிட்டாள். கோகிலவாணி மட்டும் விளிம்புக்குப் போய் மண்டியிட்டாள்.

முகத்தில் வந்து மோதியது அந்த வாடை. அவள் வீட்டுத் தலையணையில் இருக்கிற அதே வாடை.

"தர்ஷினி!"

குரல் சுவரில் பட்டுச் சுற்றிச் சுற்றி இறங்கியது. அடங்கியது. புறா ஒன்று படபடத்தது. பிறகு ஒன்றும் இல்லை. செல்போன் வெளிச்சத்தை நீட்டினாள். அது நாலைந்து படி வரைக்கும்தான் போனது.

"தர்ஷினி... கண்ணு..."

"கத்தாதம்மா. எதிரொலி வந்து கொழப்புது."

அதே குரல். ஏற்ற இறக்கம் இல்லாத, யாருக்காகவும் இனிமையாக்கிக்கொள்ளாத குரல். அவள் பெற்ற குரல்.

"நீ... அங்கயா இருக்கற?"

"ஆமா. ஆழம் கண்டுபுடிச்சிட்டேன். சொல்லலாம்னு பாத்தா அவங்க போயிட்டாங்க."

"அய்யோ சாமி... பசிக்குதா கண்ணு? அடி பட்டுச்சா?"

"பசி மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. அம்மா, மேல போனது இப்ப நம்ம வூட்லயா இருக்குது?"

"ஆமா."

"அதுக்குச் சிரிக்க வருதா?"

கோகிலவாணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். "வருது."

"சரியான நேரத்துலயா?"

"ம்."

"அப்பாவுக்குப் புடிச்சிருக்கா?"

டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்த பிரபாகரின் முகம் கண்ணுக்குள் வந்தது. கலங்கின கண்ணோடு அவன் அடுப்படியில் நின்றதும் வந்தது. கீழே இருந்து குரல் மறுபடி கேட்டது. அதில் வருத்தம் இல்லை. ஒரு கணக்கின் கடைசி வரியைக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"உனக்கும்மா?"

ஒரு மூச்சு நேரம் அவள் தாமதித்தாள். ஒரே ஒரு மூச்சு.

"எனக்கு நீதாண்டி வேணும்," என்று வெடித்தாள். "எனக்கு அது வேணாம். நீ எப்படி இருக்கியோ அப்படியே வேணும். ஏறி வா சாமி. வெளிச்சம் காட்டறேன். படியப் புடிச்சு ஏறி வா."

"நெஜமாவா?"

"சத்தியமா."

கீழே ஏதோ உராய்ந்தது. கல்லில் உள்ளங்கால் படுகிற சத்தம். ஒரு படி. இன்னொரு படி. கோகிலவாணி விளிம்பில் குப்புறப் படுத்து, வெளிச்சம் பிடித்த கையை முடிந்த மட்டும் கீழே நீட்டினாள். முட்டியில் கல் குத்தியது. இன்னொரு படி. மூச்சிரைப்பு கேட்டது. மகளின் மூச்சு. தானாகவே ஓடுகிற, நிஜமான மூச்சு. வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. பச்சைச் சுடிதாரின் கிழிந்த கை.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஜாஸ்மினின் சிரிப்பு. இந்த நேரத்தில் இந்தப் பெண் ஏன் சிரிக்கிறாள் என்று கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். வரப்பில் ஜாஸ்மின் இல்லை. தூரத்தில் மாமரங்களுக்கு நடுவே அவளுடைய வெள்ளைச் சீருடை விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் தர்ஷினி நின்றிருந்தாள். தலையில் மல்லிப்பூ. நெற்றியில் பொட்டு. குனிந்து, அன்பாக, அம்மாவின் கண்ணையே பார்த்தாள்.

கோகிலவாணி கத்த வாய் திறந்தாள். ஒரு கை அதை மூடியது. கல் மாதிரி குளிர்ந்த கை. இன்னொரு கை செல்போனை வாங்கி அணைத்தது.

இருட்டு.

"அம்மா?" கீழே காலடி நின்றது. "வெளிச்சம் போயிடுச்சு."

கோகிலவாணி உதறினாள். கடித்தாள். பல்லில் மண்தான் நறநறத்தது. அது அவள் முதுகின் மேல் மெல்லச் சாய்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது.

பிறகு பேசியது. கோகிலவாணியின் குரலில். அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது அவள் பேசுகிற அதே குரலில்.

"கண்ணு, அம்மா யோசிச்சுப் பாத்தேன். இவளே இருக்கட்டும். எல்லாருக்கும் இதுதான் நல்லது. நீ அங்கயே இருந்துக்கடா."

கிணறு அந்த வார்த்தைகளைச் சுற்றிச் சுற்றி உள்ளே எடுத்துப்போனது.

அந்தக் கைக்குள் கோகிலவாணி கத்தினாள். நானில்லை. நானில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே ஒரு முனகல்கூட வரவில்லை.

கீழே அந்தப் பெண் யோசிப்பது தெரிந்தது.

"சரிம்மா," என்றாள்.

உள்ளங்கால் கல்லில் பட்டது. ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. தடுமாறாமல், அவசரப்படாமல், சொன்னதைச் செய்கிற பெண்ணின் காலடி, அடி தெரியாத அந்த இருட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அதுவும் அம்மாவும் கன்னத்தோடு கன்னம் ஒட்டியபடி, கடைசிச் சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.